தங்கச்சி பிரிந்து வந்துவிட்டாள், அடுத்து என்ன செய்வது?

கேள்வி, சுருக்கமாக: "என் தங்கைக்கு 2015இல் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். சொல்லாமல் கடன் வாங்குவது, நகையை அடகு வைப்பது என்று நாலு வருடமாகச் சண்டை. ஒரு தடவை கை நீட்டியும் இருக்கிறார். நாலு மாதமாகத் தங்கையும் பாப்பாவும் திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நகையையும் 5 லட்சத்தையும் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதி முடித்துவிடலாம் என்கிறார்கள். அது செல்லுமா? மாப்பிள்ளை ஞாயிறுதோறும் பாப்பாவைப் பார்க்கக் கேட்கிறார், அப்பா விடமாட்டேன் என்கிறார். தங்கை பி.காம். படித்தவள், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா?"

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். குடும்ப நல நீதிமன்றத்தில் 18 வருடம் ஆலோசகராக உட்கார்ந்தவள் நான். உங்கள் வீட்டில் இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்ன பேச்சு ஓடும் என்று ஓரளவு தெரியும். சட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அப்பா சொல்வது உங்கள் கேள்வியில் இருக்கிறது. மாப்பிள்ளை கேட்பது இருக்கிறது. பெரியவர்களின் யோசனை இருக்கிறது. தங்கை என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே?

முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். மொட்டைமாடியிலோ, பைக்கில் கடைக்குக் கொண்டுபோய் விடும்போதோ கேளுங்கள். திரும்பிப் போக அவளுக்கு மனசு இருக்கிறதா, போவதென்றால் அங்கே என்ன மாற வேண்டும், போகவில்லை என்றால் எங்கே இருக்க நினைக்கிறாள் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். ஒரு பெண் என் அறைக்கு வந்தபோது வெளி வராண்டாவில் அவளுக்காகப் பேச ஏழு பேர் நின்றார்கள். கதவைச் சாத்தியதும் அவள் சொன்னது, "மாமியார் வீட்டுலருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீடு பாத்துக் குடுத்தா போதும்மா, நான் அவரோட இருந்துக்குவேன்." ஏழு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. எல்லா வழக்கும் இப்படி இருக்காது. நிறையப் பேர் உறுதியாகப் பிரிவையே கேட்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் அது அவள் வாயிலிருந்து வர வேண்டும்.

சரி, பத்திர விஷயம்.

செல்லாது. முத்திரைத்தாளில் எழுதி, போட்டோ ஒட்டி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டம் 1955இன்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத் தீர்ப்புதான் முடிக்க முடியும். சில சமூகங்களில் அத்துக்கட்டும் வழக்கம், அதாவது ஊர் முன்னால் பேசி உறவை அறுத்துவிடும் வழக்கம் உண்டு, அதற்கு அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு அம்மா தன் பத்திரத்தை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது, மூலையில் மஞ்சள்கூடத் தடவியிருந்தது. அதை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கணவர் சாலை விபத்தில் போய்விட்டார். இழப்பீடு கேட்கப் போன இடத்தில் முதல் கல்யாணத்தின் விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்டார்கள். அவரிடம் அந்த லேமினேட் தாள்தான் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் முதல் கணவரின் மனைவி, அதனால் இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை. போதாததற்கு, முதல் திருமணம் இருக்கும்போது மறுமணம் செய்வது 7 வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். மாப்பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. இதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

பெரியவர்கள் பேசுவது வீண் என்று சொல்லவில்லை. நகை, பணம், குழந்தை பற்றி அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அந்த முடிவை மனுவாக்கி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அதுதான் பரஸ்பர சம்மத விவாகரத்து, எல்லோரும் மியூச்சுவல் என்று சொல்வது. அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. அதற்குக் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு நாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு 6 மாதம் யோசிக்க அவகாசம் கொடுப்பார்கள், அப்புறம் இருவரும் இரண்டாவது முறை வந்து சொல்ல வேண்டும். இந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சமரசம் பேசிப் பார்த்துப் பலிக்காமல் போயிருக்க வேண்டும், பணமும் குழந்தையும் தீர்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் குடும்ப நல நீதிமன்றம் இல்லையென்றால் சார்பு நீதிமன்றத்தில் போடலாம். தங்கை இப்போது வசிக்கும் இடத்திலேயே மனைவி மனுச் செய்ய 2003 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது, திருப்பூருக்கு அலைய வேண்டாம்.

அவர் சம்மதிக்காவிட்டால் கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணங்களைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். அது வருடக்கணக்கில் இழுக்கும், வாய்தா வாய்தாவாகப் போகும். "கல்யாணம் முறிந்துவிட்டது, பிரித்துவிடுங்கள்" என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. கீழ் நீதிமன்றத்தில் அது நடக்காது. அதனால் மாப்பிள்ளை பேசத் தயாராக இருக்கும் இந்த நேரத்தை வீணாக்காதீர்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: கிறிஸ்தவத் திருமணம் என்றால் சட்டம் இரண்டு வருடப் பிரிவைக் கேட்கிறது. பதிவுத் திருமணத்தில் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி செய்தவர்களுக்கு ஒரு வருடம்தான். முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) கேட்கக் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஷரியத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது.)

பணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பரஸ்பர சம்மதத்தில் தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் மனசு மாறி விலகிக்கொள்ளலாம், சட்டம் அதைத் தடுக்காது. அதனால் முதல் மனு அன்று பாதி, இரண்டாவது தடவை நீதிபதி முன் நிற்கும் அன்று மீதி, இரண்டும் டிமாண்ட் டிராஃப்டாக என்று எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சப்பையில் ரொக்கமாகக் கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. கொடுத்தவர் கொடுத்தேன் என்பார், வாங்கியவர் இவ்வளவுதான் வந்தது என்பார், நடுவில் நின்ற மாமா ஊரிலேயே இருக்கமாட்டார்.

அந்த 5 லட்சத்தில் எது தங்கைக்கு, எது பாப்பாவுக்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "இனி எந்தக் காலத்திலும் குழந்தைக்காகவும் எதுவும் கேட்கமாட்டோம்" என்று ஒரு வரி கட்டாயம் வந்து உட்காரும், பத்திரம் எழுதுகிறவர்களுக்குக் கை தானாகப் போய்விடும். அந்த வரியை அடியுங்கள். குழந்தையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது: அப்பா அம்மா பிரிந்தாலும் பாப்பா அவருக்கு மகள்தான். அவருடைய பூர்வீகச் சொத்தில் அவளுக்குள்ள பங்கு அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் 1989இலேயே பெண்களுக்கு அந்தப் பங்கைக் கொடுத்துவிட்டார்கள், நாடு முழுக்க 2005இல் வந்தது. நாளைக்கு அவர் வேறு கல்யாணம் செய்து பிள்ளை பெற்றாலும் இது மாறாது.

நகைக்கு வருவோம். கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் போட்டது, அவர்கள் வீட்டில் போட்டது, உறவுக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது எல்லாம் அவளுடைய சீதனம், அவளுக்குத்தான் சொந்தம். கணவர் கையில் இருந்தாலும் அவர் பாதுகாத்து வைத்திருப்பவர் மட்டுமே, 1985லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை இது. ஆனால் எத்தனை பவுன் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கல்யாண ஆல்பத்தை எடுங்கள். முகூர்த்தப் படம், வரவேற்புப் படம் இரண்டையும் வைத்துக்கொண்டு, தங்கையும் அம்மாவும் உட்கார்ந்து கழுத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக எழுதட்டும். ஆரம், நெக்லஸ், ஜிமிக்கி, ஆறு வளையல், ஒட்டியாணம் வாடகைக்கு எடுத்ததா சொந்தமா, தாலிக்கொடி எத்தனை பவுன் என்று விடாமல் எழுதட்டும். நகைக்கடை பில் இருந்தால் பின் பண்ணுங்கள். பில் இல்லாதவற்றை நகை செய்த ஆசாரியிடம் கேட்டால் எடை சொல்வார். வளைகாப்புக்குப் போட்டதையும் பாப்பாவின் காதுகுத்துக்கு வந்ததையும் தனித் தாளில் எழுதுங்கள். பாப்பாவுக்கு வந்தது பாப்பாவுடையது. பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் கடைசியில். இதை இரண்டு பிரதி எடுத்து இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். அடகில் இருப்பவற்றுக்கு எந்தக் கடை, எந்த வங்கி, யார் பெயரில் ரசீது, எந்தத் தேதியில் ஏலத்துக்குப் போகும் என்று கேளுங்கள். இதை இந்த வாரமே செய்ய வேண்டும். ஏலம் போனபின் சீதனம் என்று சொல்லி என்ன பயன்?

கடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. சொல்லாமல் கடன் வாங்குகிறவர் என்றால் தங்கையின் கையெழுத்தும் எங்காவது போயிருக்கலாம். அவள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும். இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ அவள் பெயர் இருந்தால், விவாகரத்து ஆனாலும் வங்கி அவளை விடாது. "கடனை நான் கட்டிக்கொள்கிறேன்" என்று அவர் மனுவில் எழுதிக் கொடுப்பது அவருக்கும் அவளுக்கும் நடுவில்தான் செல்லும். வங்கிக்குப் போய்ப் பெயரை நீக்கி எழுத்துபூர்வமாக வாங்கினால்தான் விடுதலை. இருவர் பெயரிலும் வீடோ மனையோ இருந்தால், சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்போதே பத்திரப் பதிவை முடித்துக்கொள்வது நல்லது. குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணச் சலுகை உண்டு, தீர்ப்புக்கு அப்புறம் அந்தச் சலுகையைக் கேட்பது சிக்கலாகும். அவர் பெயரில் மட்டும் இருக்கும் வீட்டில் பாதி தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. வீட்டு வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிய மனைவிக்கும் அந்தச் சொத்தில் பங்களிப்பு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் சமபங்கு கொடுத்தது, நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஒரு வழக்கு. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஜீவனாம்சம். வேலைக்குப் போகிறாள் என்பதாலேயே கிடைக்காமல் போகாது. அவள் சம்பளத்தில் அவள் முன்பு வாழ்ந்த மாதிரி வாழ முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். பாப்பாவுக்குக் கொடுப்பது தனி, அதில் பேச்சே இல்லை, அப்பா கொடுத்தாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று சொன்ன ஜீவனாம்சப் பிரிவு 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவு. வக்கீல்கள் இன்னும் எம்.சி. கேஸ் (ஜீவனாம்ச வழக்கு) என்றுதான் சொல்வார்கள். மைனர் குழந்தைக்கு அதில் வாங்கலாம். பெண் பிள்ளைக்கு 18 வயதுக்குப் பிறகும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதபோது, கல்யாணம் ஆகும்வரை இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் கேட்கலாம்.

2020க்குப் பிறகு இருவருமே வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியிருக்கிறது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான். அதனால் தங்கை பொய் எழுதக் கூடாது. கடைச் சம்பளத்தை மறைத்து, எதிர்த்தரப்பு கடையின் சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டால், அதற்கப்புறம் அவள் சொல்லும் உண்மையையும் நீதிபதி சந்தேகப்படுவார். ஒரு நோட்டில் இரண்டு மாதம் பாப்பாவின் செலவை எழுதச் சொல்லுங்கள்: பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், பால், ஆஸ்பத்திரி. உத்தேசமாகச் சொல்லும் பத்தாயிரத்தைவிட அந்த நோட்டில் இருக்கும் ஏழாயிரத்து இருநூற்றுக்கு நீதிமன்றத்தில் மரியாதை அதிகம். உத்தரவு வந்தும் அவர் கட்டாவிட்டால், பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். "பரவாயில்லை, சேர்ந்து வரட்டும்" என்று மூன்று வருடம் விட்டு, பழைய பாக்கியை அந்த வழியில் வசூலிக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்வார்கள். சமரச மையமும் அங்கேயேதான்.

ஒரு தடவை கை நீட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கையிடம் தனியாகப் பேசும்போது அது ஒரு தடவைதானா என்று கேளுங்கள். பெண்கள் அண்ணனிடம் குறைத்துத்தான் சொல்வார்கள், அண்ணன் ஏதாவது செய்துவிடுவானோ என்று பயம். அடி தொடர்ந்தது என்றால் கதை வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 அதற்குத்தான் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். பாதுகாப்பு உத்தரவு, தங்கும் உரிமை, சீதனம் திரும்பப் பெறுவது எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லி ஏ.ஆர். பதிவு (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட வேண்டும், தடுக்கி விழுந்தேன் என்று சொல்லக் கூடாது. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அதே சமயம், நடக்காததை எழுதாதீர்கள். "மாமியார், நாத்தனார் பேரையும் சேர்த்தால்தான் வழிக்கு வருவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் தம்பி. அன்றோடு பேச்சுவார்த்தை செத்துப்போகும். பாப்பாவுக்கு அவர்கள் பாட்டியும் அத்தையும்.

இனி பாப்பா. என் 18 வருடத்தில் பெரியவர்களின் வழக்கு எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. பிள்ளைகள் கெடுத்தார்கள்.

அப்பாவிடம் அனுப்பமாட்டேன் என்று உங்கள் அப்பா சொல்வது கோபத்தில். மகளை அழவைத்தவனுக்குப் பேத்தி எதற்கு என்று நினைக்கிறார். ஆனால் சட்டம் கேட்பது குழந்தைக்கு எது நல்லது என்ற ஒன்றைத்தான். ஏழு வயதுப் பெண் குழந்தை அம்மாவிடம் நன்றாக இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் அங்கேயே இருக்க விடும். அப்பா வந்து பார்க்கும் உரிமையும் சேர்த்தே கொடுக்கும். குழந்தையை அவர் அடித்ததோ வேறு தவறாக நடந்ததோ இருந்தால் மட்டும் நிறுத்துங்கள், அப்போதும் நீதிமன்றத்தில் சொல்லி நிறுத்துங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், தடுப்பது நாளை உங்களுக்கு எதிராகவே எழுதப்படும். உத்தரவை மதிக்காத தாய் என்று பெயர் வரும்.

சட்டத்தை விடுங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் குழந்தைகளைப் பார்க்க ஒதுக்கிய அறை. சுவரில் பலூன் படம் வரைந்திருக்கும், மூலையில் உடைந்த சறுக்குமரம் ஒன்று. சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் இதற்கென்று தனிக் குழந்தைகள் மையமே உண்டு, எங்கள் ஊரில் அந்த ஒரு அறைதான். ஏழெட்டு வயதுப் பையன். அப்பா ரிமோட் கார் வாங்கி வந்திருந்தார். பையன் முதல் பத்து நிமிடம் அதைத் தொடவில்லை, வாசலில் நின்ற தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாத்தாவை டீ குடிக்கப் போகச் சொன்னேன். அவர் தலை மறைந்ததும் பையன் அப்பா மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மணி முடிந்து தாத்தா திரும்பியபோது சட்டென்று இறங்கி, "எனக்கு இந்த கார் பிடிக்கல" என்றான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கார் அங்கேயே கிடந்தது. அந்த வயதில் ஒரு பிள்ளை யாருக்குப் பிடித்த மாதிரி பேச வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அதனால் பார்க்கும் ஏற்பாட்டை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிவிடுங்கள். எந்தெந்த ஞாயிறு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே, யார் கூட்டிக்கொண்டு போய் யார் திரும்ப விடுவது, காய்ச்சல் என்றால் எத்தனை மணிக்குள் சொல்வது, அதற்குப் பதிலாக எந்த நாள் என்று எழுதுங்கள். தீபாவளி இந்த வருடம் இங்கே என்றால் பொங்கல் அங்கே, அடுத்த வருடம் மாற்றி. மே மாத லீவில் ஆரம்பத்தில் ஒரு வாரம், பழகிய பிறகு பாதி. நடுவில் வாரம் இரண்டு நாள் ராத்திரி ஏழரைக்கு வீடியோ கால், பதினைந்து நிமிடம், அப்போது பெரியவர்கள் யாரும் பின்னால் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. பள்ளியில் இருவர் போன் நம்பரும் இருக்கட்டும். வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளை திடீரென்று மௌனமாகிவிட்டால் முதலில் கவனிப்பது அவர்தான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல் இருவரிடமும் இருக்க வேண்டும்.

பாப்பாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. நாலு மாதமாக "அப்பாவுக்கு வேலை அதிகம்" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது பொய் என்று தெரியும். முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்வது நல்லது, முடியாவிட்டால் தங்கை மட்டும் சொல்லட்டும்: "அப்பாவும் அம்மாவும் இனி வேற வேற வீட்டுல இருக்கப்போறோம். உன்னால இல்ல. நீ ரெண்டு பேருக்கும் பாப்பாதான்." இவ்வளவு போதும். "உன்னால இல்ல" என்பதை அவள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். தன்னால்தான் சண்டை வந்தது என்று அந்த வயதுப் பிள்ளைகள் மனசுக்குள் நினைத்துக்கொள்ளும், ஹோம்வொர்க் செய்யாத அன்று நடந்த சண்டையைக்கூட ஞாபகம் வைத்திருக்கும். திரும்பத் திரும்பக் கேட்பாள், ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். "அப்படியே உங்கப்பன் புத்தி" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் இனி யார் வாயிலும் வரக் கூடாது. "இந்த மாசப் பணம் வந்துச்சான்னு அப்பாகிட்ட கேளு" என்றும் சொல்லி அனுப்பாதீர்கள். வழக்கு என்று ஆகி நீதிபதி பாப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினால், முந்தின நாள் ராத்திரி சொல்லிக் கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கும்போது யாருக்கும் தெரிந்துவிடும்.

தீர்ப்பு வந்தபின் செய்ய வேண்டியவை சில்லறை வேலைகள்தான். நகல் மனுப் போட்டு, சான்றளித்த நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டு, வங்கி, பி.எஃப்., எல்.ஐ.சி. ஆகியவற்றில் நாமினி பெயரை மாற்றுங்கள். பாப்பா பெயரைப் போட்டால் அவள் மேஜர் ஆகும்வரை பொறுப்பாளராக யார் என்றும் குறிக்க வேண்டும். பழைய போனில் ஓடும் யு.பி.ஐ., வங்கிக் கடவுச்சொல் எல்லாவற்றையும் தங்கை இன்றைக்கே மாற்றலாம், இதற்குத் தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒன்று செய்யுங்கள். மாப்பிள்ளைக்கு நீங்களே போன் பண்ணுங்கள், தங்கையிடம் கேட்டுவிட்டு. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் உள்ள பூங்காவோ கோயிலோ, இருவருக்கும் தெரிந்த இடமாகச் சொல்லுங்கள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் நீங்களாக இருங்கள், அப்பாவை அனுப்பாதீர்கள். பையில் தண்ணீர் பாட்டிலும், அவள் வரைந்து வைத்திருக்கும் நோட்டும் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் ஆரம்பத்தில் பேச என்னவென்று தெரியாது, அந்த நோட்டைப் புரட்டினால் பேச்சு வந்துவிடும். கொண்டுபோய் விட்டுவிட்டு, கண் எட்டும் தூரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது "அப்பா என்ன சொன்னாரு" என்று கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள்.